118-க்கு அப்புறம் என்ன? அதிகனத் தனிமங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிம வரிசை அட்டவணை பற்றிப் பேச்சு எடுத்தாலே திரும்பத் திரும்ப வந்து நிற்கும் சந்தேகங்கள் இவை. பள்ளி மாணவர்கள் கேட்டது, அவர்களுடைய பெற்றோர் கேட்டது, ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டது என்று எல்லாம் கலந்துதான் இருக்கும். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

மொத்தம் 118 தனிமம்தானே? அதோட முடிஞ்சு போச்சா?

அங்கீகாரம் பெற்றவை 118, அது சரி. கடைசியாகச் சேர்ந்த 113, 115, 117, 118 ஆகிய நான்கையும் ஐயூபேக் என்கிற சர்வதேச வேதியியல் ஒன்றியம் 2015 டிசம்பர் கடைசியில் ஏற்றுக்கொண்டது. 2016 நவம்பரில் நிகோனியம், மாஸ்கோவியம், டென்னிசின், ஒகனெசான் என்ற பெயர்கள் உறுதியாயின. அதோடு ஏழாவது வரிசை ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் நிரம்பிவிட்டது. அட்டவணை அவ்வளவு ஒழுங்காக நிரம்பியிருப்பதைப் பார்க்கும்போது கதை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் இயற்கை அங்கே கோடு போட்டு நிறுத்தியது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

ஒரு தனிமத்தைத் தீர்மானிப்பது அதன் கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை மட்டுமே. 119 புரோட்டான்களை ஒரே கருவுக்குள் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க முடிந்தால் அது புதுத் தனிமம். எவ்வளவு நேரம் என்றால், ஒரு நொடியை நூறு லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. கரு தன்னைச் சுற்றி எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டு அணுவாக மாறுவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும் என்பதால்தான் அந்த எல்லை.

அதிகனத் தனிமம்னா எதுல இருந்து?

பொதுவாக 104-வது தனிமமான ரூதர்ஃபோர்டியத்தில் தொடங்கி அதற்கு மேலே உள்ளவை எல்லாம். இவற்றில் ஒன்றுகூட மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதில்லை, எல்லாமே ஆய்வகத்தில் ஒவ்வோர் அணுவாக உண்டாக்கியவை.

கண்டுபிடிக்கவே இல்லைன்னா 119-க்கு உனனென்னியம்னு பேர் மட்டும் எப்படி வந்தது?

அது தற்காலிகப் பெயர். ஒன்று, ஒன்று, ஒன்பது என்று எண்களைச் சேர்த்துச் சொல்லும் லத்தீன்-கிரேக்கக் கலவை, அவ்வளவுதான். 120-க்கும் அதே மாதிரி உன்பைநிலியம் என்று ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசும்போது பெரும்பாலும் "119", "120" என்றுதான் சொல்கிறார்கள். உண்மையான பெயரை முன்மொழியும் உரிமை, கண்டுபிடிப்பு அங்கீகரிக்கப்பட்ட பிறகு, கண்டுபிடித்த குழுவுக்கு.

பூமிக்குள்ள எங்கயாவது புதைஞ்சு கிடக்காதா? தோண்டிப் பார்த்தா என்ன?

தேடிப் பார்த்திருக்கிறார்கள். 1976-ல் மடகாஸ்கரில் கிடைத்த மோனசைட் கனிமத்தில் 116, 124, 126 ஆகிய தனிமங்களின் தடயம் இருப்பதாக ஒரு குழு அறிவித்துப் பெரிய பரபரப்பு ஆனது. பிறகு பார்த்தால் அந்தக் கதிர்ச் சமிக்ஞைக்குக் காரணம் அதே கனிமத்தில் நிறைய இருக்கிற சீரியம். 2008-ல் இயற்கையான தோரியத்தில் 122 இருப்பதாக இன்னொரு அறிவிப்பு வந்தது, அதையும் யாரும் உறுதி செய்யவில்லை.

காரணம் எளிது. பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். ஆரம்பத்தில் இருந்த ஒரு தனிமம் இன்றைக்கும் மிஞ்சியிருக்க வேண்டுமானால் அதன் அரை ஆயுள் (இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம்) பல கோடி ஆண்டுகளாவது இருக்க வேண்டும். நாம் இதுவரை உண்டாக்கிய அதிகனக் கருக்களில் நீண்ட ஆயுள் உள்ளவையே சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரைதான் தாங்குகின்றன. விண்வெளியில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும் இடத்தில் இப்படிப்பட்ட கருக்கள் உருவாகியிருக்கலாம். பழைய விண்மீன்கள் சிலவற்றில் தனிமங்கள் இருக்கும் விகிதத்தைப் பார்த்து, நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை) 260-க்கும் மேற்பட்ட கருக்கள் அங்கே உருவாகிப் பிளந்திருக்க வேண்டும் என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதுவும் அவை பிளந்து போன பிறகு மிஞ்சிய சுவடுதான், அந்தத் தனிமங்கள் அல்ல.

அப்போ எப்படித்தான் செய்யறாங்க?

கூட்டல் கணக்குதான். கால்சியத்தில் 20 புரோட்டான், கலிஃபோர்னியத்தில் 98. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் 118, அதுதான் ஒகனெசான். ஜப்பானில் துத்தநாகத்தையும் (30) பிஸ்மத்தையும் (83) சேர்த்து 113 வந்தது. இலேசான கருவை முடுக்கியில் வைத்து ஒளியின் வேகத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு ஏற்றி, கனமான தனிமம் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்ட தகட்டின் மேல் பாய்ச்சுவார்கள். தகடு ஒரு சக்கரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் கற்றை ஒரே இடத்தில் பட்டு அதைப் பொசுக்கிவிடும்.

அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 2024-ல் அறிவித்த சோதனையைப் பார்த்தால் அளவு புரியும். அரிதான டைட்டானியம்-50-ஐ (பெயருக்குப் பின்னால் வரும் எண் நிறை எண்) ஏறக்குறைய 1,650 டிகிரி செல்சியஸில் ஆவியாக்கி, நொடிக்குச் சுமார் 6 லட்சம் கோடி அயனிகள் என்ற கணக்கில் புளுட்டோனியம்-244 மேல் 22 நாட்கள் பாய்ச்சினார்கள். கிடைத்தது லிவர்மோரியம், அதாவது 116. எத்தனை? இரண்டே இரண்டு அணுக்கள்.

இவ்ளோ வேகமா மோத விட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குது? இன்னும் வேகமா விட்டா?

வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டு கருவும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றை ஒன்று தள்ளும். மெதுவாக விட்டால் தொடாமலே திரும்பிவிடும். அதிக வேகத்தில் விட்டால் சேர்ந்த கரு கொதித்துப் போய் உடனே இரண்டாகப் பிளந்துவிடும். சரியான ஆற்றல் என்பது நடுவில் இருக்கும் ஒரு குறுகிய இடைவெளி.

அந்த இடைவெளியில் மோதினாலும் பெரும்பாலானவை பாதி கலந்தும் கலக்காமலும் பிரிந்து போகும். உண்மையாகவே ஒன்றாகிவிட்ட கருவும் சூடாகத்தான் இருக்கும், மூன்று நான்கு நியூட்ரான்களை உதறித்தான் ஆற வேண்டும், ஒவ்வொரு நியூட்ரானை உதறும்போதும் பிளந்துபோகும் அபாயம் கூடவே நிற்கும். மேலே சொன்ன 22 நாள் கற்றையையும் இடைவிடாமல் ஓடியதாக வைத்துக் கணக்குப் போட்டால், பாய்ந்த அயனிகள் ஒன்றுக்குப் பின்னால் 19 சைபர் போட்ட எண்ணைத் தொடும். அதில் கடைசி வரை தப்பித்தவை இரண்டு.

ஒரே ஒரு அணு வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? யார் பார்த்தா?

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். அணுவை யாரும் பார்ப்பதில்லை, அது சாகும் விதத்தைப் பார்க்கிறார்கள். மோதலில் பிறந்த கரு தகட்டிலிருந்து முன்னோக்கித் தெறிக்கும். காந்தங்கள் கொண்ட ஒரு பிரிப்பான், தேவையில்லாத கோடானு கோடித் துகள்களை ஓரம் தள்ளிவிட்டு இதை மட்டும் ஒரு சிலிக்கான் உணரிக்குள் கொண்டுபோய்ச் செருகும். அங்கே அது ஓர் ஆல்ஃபா துகளை உமிழ்ந்து இரண்டு புரோட்டான் குறைந்த தனிமமாகும், அது இன்னொன்றை உமிழும், இப்படியே சங்கிலி போகும். எல்லாமே உணரியின் அதே புள்ளியில், குறிப்பிட்ட ஆற்றலோடு, குறிப்பிட்ட கால இடைவெளியில் நடக்க வேண்டும். சங்கிலி ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு கருவில் போய் முடிந்தால், பின்னோக்கி எண்ணி முதலில் வந்தது எது என்று சொல்லிவிடலாம்.

ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் கொசுக்கே மொரிட்டாவின் குழுவுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2004-ல் 113-வது தனிமத்தின் ஓர் அணு, 2005-ல் இன்னொன்று. இரண்டுமே நான்கு ஆல்ஃபா கொடுத்துவிட்டு டப்னியத்தில் வந்து பிளந்துவிட்டன. அங்கீகாரம் கொடுக்க அது போதாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஏழு ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. 2012-ல் மூன்றாவது அணு வந்தது. இந்த முறை டப்னியம் பிளக்காமல் ஆல்ஃபா கொடுத்து லாரன்சியம் ஆனது, அதுவும் கொடுத்து மெண்டலீவியம் ஆனது. ஆறு ஆல்ஃபா, வழி நெடுகத் தெரிந்த முகங்கள். நிகோனியம் என்ற பெயர் ஜப்பானுக்குக் கிடைத்ததில் அந்த மூன்றாவது அணுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

118 வரைக்கும் மடமடன்னு வந்தாங்களே, 119-க்கு மட்டும் ஏன் இவ்ளோ வருஷம்?

114 முதல் 118 வரை பெரும்பாலும் ஒரே சூத்திரத்தில் வந்தவை. ரஷ்யாவின் தூப்னாவில் யூரி ஒகனெசியன் தலைமையில் கால்சியம்-48-ஐக் கற்றையாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கனமான இலக்கின் மேல் பாய்ச்சினார்கள். கால்சியம்-48 ஓர் அபூர்வமான கரு. இயற்கைக் கால்சியத்தில் 0.2 சதவீதம்கூட இல்லை. ஆனால் 20 புரோட்டானுக்கு 28 நியூட்ரான் என்று நியூட்ரான் நிறைந்தது, இறுக்கமான கட்டமைப்பும் கொண்டது, அதனால் சேர்ந்த கரு அதிகம் சூடாவதில்லை.

அந்தச் சூத்திரத்தையே 119-க்கு நீட்டினால் இலக்காக 99-வது தனிமமான ஐன்ஸ்டைனியம் வேண்டும். இலக்கு செய்ய மில்லிகிராம் கணக்கில் தேவை, உலகத்தில் கிடைப்பதோ மைக்ரோகிராம் கணக்கில். 1985-ல் பெர்க்லியில் கிடைத்ததை வைத்து முயன்று பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. ஆகவே இலக்கைக் கனமாக்க முடியாது, கற்றையைத்தான் கனமாக்க வேண்டும். கால்சியத்துக்குப் பதில் டைட்டானியம், வனேடியம், குரோமியம். கற்றை கனமாக ஆக, கருக்கள் ஒட்டும் வாய்ப்பு சரசரவென்று விழுகிறது. இதுதான் உண்மையான சுவர். ஆய்வாளர்களின் திறமை குறைந்துவிட்டதோ பணம் இல்லையோ அல்ல, கையில் இருக்கும் பொருட்களின் பட்டியல் தீர்ந்துவிட்டது.

இலக்குப் பொருள் என்பது எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு 117-ன் கதையே போதும். அதற்கு பெர்க்கீலியம்-249 வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் 250 நாட்கள் கதிரூட்டி, அப்புறம் 90 நாட்கள் சுத்திகரித்து 22 மில்லிகிராம் எடுத்தார்கள். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 330 நாட்கள், அதாவது எடுத்த நாளிலிருந்தே கரைந்துகொண்டிருக்கும். அதை விமானத்தில் ரஷ்யாவுக்கு அனுப்பினால் ஆவணங்களில் ஏதோ குறை என்று சுங்கத்தில் திருப்பி அனுப்ப, அந்தப் பொட்டலம் அட்லாண்டிக்கை ஐந்து முறை கடந்தது. கடைசியில் ஆறு அணுக்கள் கிடைத்தன, 2010-ல் அறிவித்தார்கள்.

சரி, இப்ப யார் யார் முயற்சி பண்றாங்க?

ரிகென் 2018 முதல் வனேடியம்-51-ஐ கியூரியம்-248 மேல் பாய்ச்சி 119-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. பெர்க்லி முன்னால் சொன்ன டைட்டானியக் கற்றையை கலிஃபோர்னியம்-249 மேல் திருப்பி 120-ஐக் குறிவைக்கிறது, 116-க்கு ஆனதைவிட சுமார் பத்து மடங்கு காலம் ஆகும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. தூப்னாவில் இதற்கென்றே 2019-ல் ஒரு புதிய சைக்ளோட்ரான் ஓடத் தொடங்கியது, அங்கே குரோமியம்-54-ஐ யுரேனியத்தோடு சேர்த்து லிவர்மோரியம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சீனாவின் லான்ஜோவில் அமெரிசியமும் குரோமியமும் சேர்த்து 119-க்கு வழி பார்க்கிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இதற்கு முன்பே 119, 120 இரண்டையும் பல மாதங்கள் தேடி வெறுங்கையோடு நிறுத்தினார்கள். அந்தத் தேடலும் வீண் இல்லை, கருக்கள் ஒட்டும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று எதிர்பார்க்க வேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு வருத்தமான விஷயம், 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு தூப்னாவும் ஓக் ரிட்ஜும் சேர்ந்து வேலை செய்வது நின்றுபோனது. 117-ஐக் கொண்டுவந்ததே அந்தக் கூட்டுதான்.

119 வராமலே 120-க்குப் போகலாமா? வரிசையா வர வேண்டாமா?

வேண்டாம். 118-ஐ அறிவித்தது 2006-ல், 117 வந்தது 2010-ல். எந்த இலக்கு, எந்தக் கற்றை கிடைக்கிறதோ அதைப் பொறுத்ததுதான் வரிசை.

அணு உலையிலேயே நியூட்ரானை ஊட்டி ஊட்டி ஏத்திட்டுப் போக முடியாதா?

நல்ல கேள்வி, 100 வரை அப்படித்தான் போனார்கள். கரு நியூட்ரானை விழுங்கும், பிறகு ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும், ஒரு படி ஏறும். ஃபெர்மியத்தில் வழி அடைபடுகிறது. ஃபெர்மியம்-257-க்கு அரை ஆயுள் சுமார் 100 நாட்கள், இன்னொரு நியூட்ரான் சேர்ந்து 258 ஆனால் ஒரு மில்லி நொடிகூடத் தாங்காமல் பிளந்துவிடும்.

வேகமாக ஊட்டினால் தாண்டலாமே என்றால், அதற்கு அணுகுண்டு வெடிப்பு மாதிரி ஏதாவது வேண்டும். 1952-ல் முதல் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் தூசியில்தான் ஐன்ஸ்டைனியமும் ஃபெர்மியமும் முதலில் கிடைத்தன. ஆனால் பின்னால் நடந்த வெடிப்புகளிலும் 257-ஐத் தாண்டி எதுவும் அகப்படவில்லை.

நிலைத்தன்மைத் தீவுன்னு சொல்றாங்களே, அது நிஜமா, கற்பனையா?

சட்டென்று சிதையும் கருக்களுக்கு நடுவே கொஞ்சம் கூடுதல் ஆயுள் உள்ள கருக்கள் ஒரு தீவு போல இருக்கும் என்ற கணிப்புக்குத்தான் அந்தப் பெயர். கற்பனை இல்லை, ஆனால் காணொளிகளில் சொல்வது போல அங்கே போனால் தங்கம் மாதிரி நிலைத்து நிற்கும் தனிமங்கள் காத்திருப்பதாகவும் சொல்ல முடியாது. கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் கூடு கூடாக அடுக்கப்படுகின்றன. ஒரு கூடு முழுதாக நிரம்பும் எண்களை மாய எண்கள் என்பார்கள்: 2, 8, 20, 28, 50, 82, நியூட்ரானுக்கு 126. கால்சியம்-48 அவ்வளவு உறுதியாக இருப்பது 20, 28 என்று இரண்டுமே மாய எண்ணாக அமைந்ததால்தான். அடுத்த மாய எண் நியூட்ரானுக்கு 184 என்றும், புரோட்டானுக்கு 114 அல்லது 120 அல்லது 126 என்றும் 1960-களிலிருந்து கணித்து வருகிறார்கள்.

சான்று இருக்கிறதா? இருக்கிறது. கோப்பர்நீசியம்-277 ஒரு மில்லி நொடிக்குள் போய்விடும். அதே தனிமத்தில் எட்டு நியூட்ரான் கூடுதலாக உள்ள 285-க்கு அரை ஆயுள் ஏறக்குறைய அரை நிமிடம். எட்டே நியூட்ரானில் பல ஆயிரம் மடங்கு! தீவின் கரையில் கால் வைத்துவிட்டோம் என்று சொல்லலாம். நடுப்பகுதிக்குத்தான் போக வழி தெரியவில்லை, ஏனென்றால் 114-க்கு இதுவரை நன்றாகத் தெரிந்த கருக்களில் 175 நியூட்ரான் வரைதான் எட்டியிருக்கிறோம், வேண்டியது 184. நம்மிடம் உள்ள எந்தக் கற்றையையும் எந்த இலக்கையும் சேர்த்தாலும் அந்த ஒன்பது நியூட்ரான் குறைகிறது. நடுவே போனால் ஆயுள் எவ்வளவு என்பதில் கணிப்புகள் நிமிடங்களிலிருந்து ஆண்டுகள் வரை, சில அதற்கும் மேலே போகின்றன. நிமிடங்கள், நாட்கள் என்பதுதான் எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது.

115-ஐ வச்சுப் பறக்கும் தட்டு ஓடுதுன்னு ஒரு வீடியோ பார்த்தேன், உண்மையா?

இல்லை. 1989-ல் ஓர் அமெரிக்கர் தொலைக்காட்சியில் சொன்ன கதை அது, அப்போது 115 கண்டுபிடிக்கப்படவில்லை. இப்போது கண்டுபிடித்தாயிற்று. மாஸ்கோவியத்தின் நன்கு தெரிந்த ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் வகைகள்) ஒரு நொடிக்குள் பாதியாகக் கரைந்துவிடுகின்றன. எரிபொருளாக எடுத்து வைக்க ஒரு துகள்கூட மிஞ்சாது.

யாராவது பொய்யா அறிவிச்சிருக்காங்களா?

நடந்திருக்கிறது. 1999-ல் பெர்க்லி குழு கிரிப்டானையும் ஈயத்தையும் சேர்த்து 118 கிடைத்ததாக வெளியிட்டது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள், வரவில்லை. பெர்க்லியே திரும்பச் செய்தது, வரவில்லை. மூலத் தரவைத் தோண்டியபோது அந்தச் சங்கிலிகள் அதில் இல்லவே இல்லை என்று தெரிந்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஐயூபேக் இவ்வளவு ஆண்டுகள் இழுத்தடிக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு என் பதில் இந்தச் சம்பவம்தான்.

நொடியில செத்துப் போற அணுவை வச்சு என்ன வேதியியல் பண்ண முடியும்?

ஓரிரு நொடி தாங்கினாலே ஏதாவது செய்துவிடுகிறார்கள். கோப்பர்நீசியம், பிளெரோவியம் அணுக்களை வாயுவில் மிதக்கவிட்டு, தங்கப் பூச்சுள்ள உணரிகள் வழியாக அனுப்பி, எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டுமே எளிதில் ஆவியாகும் தன்மை கொண்டவை.

இங்கே சுவாரசியம் என்னவென்றால், கருவில் மின்னூட்டம் ஏற ஏற உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு ஓடுகின்றன, ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை சொல்லும் விளைவுகள் உள்ளே வருகின்றன. தங்கம் மஞ்சளாக இருப்பதற்கும் பாதரசம் திரவமாக இருப்பதற்கும் காரணம் அதுவே. 118-ல் இது இன்னும் கடுமை. மந்த வாயுக்களின் பத்தியில் இருந்தாலும் ஒகனெசான் சாதாரண வெப்பநிலையில் திடப்பொருளாக இருக்கும் என்று கணக்குகள் சொல்கின்றன. ஆனால் அதன் அரை ஆயுள் ஒரு மில்லி நொடிக்கும் கீழே, கிடைத்த அணுக்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் சோதித்துப் பார்க்க இப்போதைக்கு வழியில்லை.

இதனால யாருக்கு என்ன லாபம்?

119-ஐ வைத்து எந்தப் பொருளும் செய்யப் போவதில்லை, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கருவை ஒட்டி வைக்கும் விசையின் எல்லை எது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும். எனக்கு அது போதுமான காரணம். இந்த வேலைக்காக வளர்ந்த முடுக்கிகளும் உணரிகளும் அரிய ஐசோடோப்பு பிரித்தெடுக்கும் முறைகளும் மருத்துவம் உட்பட வேறு இடங்களில் பயன்படுகின்றன என்பது கூடுதல் வரவு.

கடைசியா ஒண்ணு, அட்டவணை எந்த எண்ல முடியும்?

137 என்று ஒரு எண் ரொம்பப் பிரபலம். கருவை ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அதற்கு மேல் எலக்ட்ரானை விவரிக்கும் சமன்பாடு உடைந்துவிடும் என்பதுதான் அதற்குக் காரணம். ஆனால் கரு புள்ளி அல்ல, அதற்கும் ஒரு பருமன் உண்டு. அதைச் சேர்த்துப் பார்த்தால் பிரச்சினை 173 பக்கம் தள்ளிப் போகிறது. 2010-ல் பெக்கா பூக்கோ என்ற ஃபின்லாந்து வேதியியலாளர் 172 வரை அட்டவணை வரைந்து காட்டினார், அதில் 121-லிருந்து இதுவரை எந்தத் தனிமத்துக்கும் தேவைப்படாத ஒரு புதிய எலக்ட்ரான் தொகுதி தொடங்குகிறது.

அதெல்லாம் எலக்ட்ரான்களின் கணக்கு. கரு அதுவரை தாங்குமா என்பது தனிக் கேள்வி, முதல் பதிலில் சொன்ன அந்த நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட நிற்காத கருவுக்கு எலக்ட்ரான் தொகுதி இருந்தும் பயனில்லை. என் கணிப்பு, எலக்ட்ரான்கள் தடுப்பதற்கு வெகு முன்பே கரு நம்மைத் தடுத்துவிடும். எந்த எண்ணில் என்பதற்கு முதல் துப்பு 119, 120-ன் ஆயுளை அளக்கும்போதுதான் கிடைக்கும்.